ஓட்டைக்குத்தான் காசு

சுரங்கம் தோண்டும் மெஷின் ஒன்று மறுமுனைச் சுவரை உடைத்துக்கொண்டு தலைகாட்டும் படம் அவ்வப்போது செய்தியில் வரும். பெரிய வட்ட முகம், உதிர்ந்து விழும் கான்கிரீட், எதிரே ஹெல்மெட் போட்டவர்கள் வரிசையாக நின்று கைதட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் தோண்டும்? நல்ல மண்ணில், எல்லாம் ஒத்துழைத்தால் பத்துப் பதினைந்து மீட்டர். கேட்பவர் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரியும். இவ்வளவு பெரிய மெஷின், இவ்வளவுதானா என்று.

எனக்கு அந்தக் கேள்வியின் மேலேயே கொஞ்சம் கடுப்பு. தோண்டுவது இந்த வேலையில் சுலபமான பாதி. நான் பார்ப்பது மற்றப் பாதியை. சிங்கப்பூரில் ரயில் சுரங்கங்களுக்கும் சாக்கடைச் சுரங்கங்களுக்கும் மேலே இருக்கிற ரோடு, கடைவீடு, வீவக புளோக் (அரசு கட்டிய அடுக்குமாடி), கால்வாய், பழைய ரயில்பாதை எல்லாம் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்துகொண்டிருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள் நான். இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கம் நடக்கும்போது கடைவீட்டுச் சுவரில் கட்டைவிரல் அளவுக் கண்ணாடிக் குமிழ் ஒட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது பிரிசம். எதிர்ச் சாரியில் கூண்டுக்குள் ஒரு கருவி உட்கார்ந்து அதை இரவு பகலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் கணக்கு என் போனுக்கு வரும். நல்ல நாளில் ஒன்றும் வராது.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நெய்வேலி என்றால் எல்லாருக்கும் நினைவு வருவது அந்தப் பிரம்மாண்டமான சக்கர வாளி எந்திரம்தான். ஆனால் அங்கே நிலக்கரி எடுக்க முடிந்ததற்குக் காரணம் பம்பு. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணல் அடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும். மேலே இருக்கும் மண்பாரத்தை வெட்டி எடுக்க எடுக்க, அந்தத் தண்ணீரை அமுக்கிப் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அடித்தளமே வெடித்துக்கொண்டு மேலே வரும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகல் நிறுத்தாமல் இறைத்து, தண்ணீரின் அழுத்தத்தைக் கீழே இறக்கி வைக்கிறார்கள். 1961-இல் முதன்முதலாக நிலக்கரி கண்ணில் பட்டது அந்த இறைப்பினால்தான். 'கரண்ட் போனாலும் பம்பு போகக்கூடாது' என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு.

சிங்கப்பூர் வந்து வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே இதற்கு நேர்மாறு. இங்கே தண்ணீரை இறக்காதே. ஒரு சொட்டுகூட.

காரணம் மண். தீவு சின்னது, மண் மட்டும் நாலு விதம். நடுவிலும் வடக்கிலும் புக்கிட் தீமா கிரானைட். மேற்கில் ஜூரோங் படிவப் பாறை, ஒரு இடத்தில் இரும்பு மாதிரி, பத்தடி தள்ளிப் போனால் பொடிப்பொடி. கிழக்கில் பழைய வண்டல், ஓரளவு நல்ல பிள்ளை. அப்புறம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் தெற்குக் கரையோரமும் கல்லாங் படிவம், அதில் முக்கால்வாசி கடல் களிமண். இந்தக் களிமண்ணைக் கையில் எடுத்தால் வழுவழுவென்று சாம்பல் நிறத்தில், சில சமயம் சிப்பி ஓட்டோடு இருக்கும். அதற்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் களிமண் மெல்ல மெல்லச் சுருங்கும். மெஷின் கடந்துபோய் மாதக்கணக்கான பிறகும் மேலே தரை இறங்கிக்கொண்டே இருக்கும். நெய்வேலியில் செய்ததை இங்கே செய்தால் தேக்காவில் பாதிக் கடைவீடு கோணிக்கொள்ளும். அதனால் இங்கே குழிக்குள் தண்ணீர் கசிந்தால், குழிக்கு வெளியே வேறு கிணறு போட்டு நிலத்துக்குள் தண்ணீரைத் திருப்பி ஊற்றுகிற வேலையும் நடக்கும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. "தண்ணிய உள்ள விடறதுக்காடா சம்பளம் குடுக்கறாங்க?" என்றார்.

இந்த வித்தியாசம் தண்ணீரோடு நிற்கவில்லை. கனிமச் சுரங்கத்தில் எடுக்கிற கல்லுக்குத்தான் காசு, மிஞ்சுகிற ஓட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நகரத்துச் சுரங்கத்தில் ஓட்டைக்குத்தான் காசு. எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்பது தலைவலி. நிலக்கரிச் சுரங்கத்தில் லாங்வால் என்று ஒரு முறை இருக்கிறது. வெட்டுகிற எந்திரத்தின் தலைக்கு மேல் ஹைட்ராலிக் தாங்கிகள் கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெட்டி முன்னே நகர்ந்ததும் தாங்கிகளும் கூடவே நகரும், பின்னால் கூரை தானாக இடிந்து விழும், விழட்டும் என்று விட்டுவிடுவார்கள். விழாவிட்டால்தான் பயம். பிளாக் கேவிங் இன்னும் ஒரு படி மேலே. தாதுப்பாறையின் அடியை அறுத்துவிட்டால் மலையே தன் எடையில் நொறுங்கிக் கீழே இறங்கும், கீழே குழாய்மாதிரி வாய்கள் வைத்து அள்ளிக்கொள்ளலாம். சிலியில் எல் டெனியென்டே, இந்தோனேசியாவில் கிராஸ்பெர்க் எல்லாம் இப்படித்தான். இடிவதையே தொழில்நுட்பமாக்கியவர்கள் அவர்கள். நாங்களோ தரை ஐந்து மில்லிமீட்டர் இறங்கினாலே மீட்டிங் போடுகிறவர்கள்.

ஆனாலும் நாங்கள் கையில் வைத்திருக்கும் வித்தை பெரும்பாலும் அவர்களிடம் வாங்கியது.

முகத்தை, அதாவது வெட்டிக்கொண்டிருக்கிற முன்பக்க மண்சுவரை, சரியாமல் பிடித்து வைக்கிற கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுதான் எல்லாவற்றுக்கும் நடு. லண்டனில் தேம்ஸ் நதிக்கடியில் மார்க் ப்ரூனெல் 1825-இல் ஆரம்பித்து 1843-இல் முடித்த சுரங்கம்தான் மென்மண்ணில் கவசம் வைத்துத் தோண்டிய முதல் சுரங்கம். அவருடைய இரும்புச் சட்டத்தில் 36 அறைகள், அறைக்கு ஒரு ஆள். எதிரே இருக்கும் மண்ணைப் பலகைகள் அடைத்து நிற்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பலகையை எடுத்து, அதன் பின்னால் கொஞ்சம் மண்ணைச் சுரண்டி, பலகையை மறுபடி முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, அடுத்த பலகை. முகம் முழுவதும் ஒருபோதும் திறந்திருக்கக்கூடாது. அப்படியும் பல முறை நதி உள்ளே புகுந்தது. ஆனால் அந்த ஒரு பலகை யோசனை இன்றுவரை மாறவில்லை, பலகைக்குப் பதிலாக வேறு எதையோ வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அழுத்தக் காற்றை வைத்தது பிரான்ஸ் நிலக்கரிக்காரர்கள். 1840 வாக்கில் லுவார் நதி மணலுக்குள் கிணறு இறக்கவேண்டியிருந்தபோது ட்ரிஜெ என்ற எஞ்சினியர் குழாய்க்குள் காற்றை அழுத்தி நிரப்பித் தண்ணீரைத் தள்ளி வைத்தார். சிங்கப்பூரில் 1980-களில் முதல் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பாதை போட்டபோதும் களிமண்ணில் சில சுரங்கங்களை அழுத்தக் காற்றுக்குள்தான் தோண்டினார்கள். பனிக்கட்டியும் சுரங்கத்துக்காரர்கள் கண்டதுதான். 1883-இல் ஜெர்மனியில் பெட்ஷ் என்பவர், ஈரமணலுக்குள் சுரங்கக் கிணறு இறக்குவதற்காகச் சுற்றிலும் குழாய் புதைத்துக் குளிரூட்டிய உப்புக்கரைசலை ஓடவிட்டு மண்ணையே உறையவைக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். அதையே இங்கே மரினா பேயில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்குச் செய்தார்கள். தலைக்கு மேலே வடக்கு-தெற்குப் பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருக்க, கீழே களிமண்ணைப் பனிக்கட்டியாக்கி அதற்குள் குடைந்தார்கள். எம்ஆர்டி வேலையில் அது முதல் தடவை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நிலத்தை உறையவைப்பது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். வெளியே முப்பத்து மூன்று டிகிரி.

சரி, இன்றைய மெஷின். இரண்டு வகை. ஒன்றை இபிபி என்பார்கள், மண்ணழுத்தத்தைச் சமன் செய்து ஓடுவது, 1970-களில் ஜப்பானில் வந்தது. இதில் வெட்டிய மண்ணேதான் பலகை. வெட்டும் தலைக்குப் பின்னால் ஒரு அடைத்த அறை, அது நிறைய மண். அறையின் அடியில் ஒரு திருகு கன்வேயர் மண்ணை வெளியே எடுக்கும். மெஷின் முன்னே தள்ளுகிற வேகமும் திருகு வெளியே எடுக்கிற வேகமும் ஒத்துப்போனால் அறைக்குள் அழுத்தம் நிலையாக நிற்கும். தரைக்கு இருபது மீட்டர் கீழே என்றால் தண்ணீருக்கு மட்டுமே ஏறத்தாழ 2 பார். அறையின் அழுத்தம் அதைவிடக் குறைந்தால் முகம் உள்ளே சரியும், ரோட்டில் பள்ளம். அழுத்தம் ரொம்பக் கூடினால் ரோடு உப்பும், அல்லது எங்கோ ஒரு பழைய போர்வெல் வழியாக நுரை பீறிட்டு வரும். ஓட்டுபவர் முன்னால் இருக்கிற திரையில் அவர் முக்கால்வாசி நேரம் பார்ப்பது இந்த அழுத்தத்தைத்தான், வேகத்தை அல்ல.

இந்த அறைக்குள் இருக்கிற மண் இட்லி மாவுப் பதத்தில் இருக்கவேண்டும். கெட்டியாக இருந்தால் தலை சுற்றாது, நீர்த்துப்போனால் திருகு வழியே பீறிட்டு அழுத்தம் படுத்துவிடும். அந்தப் பதத்துக்குக் கொண்டுவர சோப்பு நுரையைச் செலுத்துவார்கள். நுரை என்றதும் தாதுப் பதப்படுத்துபவர்களுக்குச் சட்டென்று புரியும். 1905 வாக்கில் ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில் நுரையில் தாதுத் துகளை ஒட்டவைத்து மிதக்கவிட்டு வழித்தெடுக்கும் வேலை தொழில் அளவில் ஆரம்பித்தது. செம்பு, துத்தநாகம், ஈயம் எல்லாம் இன்று பெரும்பாலும் அப்படித்தான் பிரிகிறது. அங்கே குமிழ் எதைப் பிடிக்கவேண்டும், எதை விடவேண்டும் என்பதுதான் கெமிஸ்ட்ரி. இங்கே குமிழ் மண்துகள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து வழுக்கிவிட்டால் போதும்.

இன்னொரு வகை ஸ்லரி மெஷின். கிரானைட் பக்கம் பெரும்பாலும் இதுதான். பென்டோனைட் களிமண் கலந்த குழம்பை அழுத்தத்தோடு முகத்தில் நிறுத்துவார்கள்; அது மண்ணின் துளைகளுக்குள் போய்த் தோல் மாதிரி படிந்து, அந்தத் தோலைக் குழம்பின் அழுத்தம் தாங்கும். வெட்டிய கல்லும் மண்ணும் அதே குழம்போடு குழாயில் மேலே போகும். மேலே போனதும் குழம்பை மண்ணிலிருந்து பிரித்துச் சுத்தமாக்கி மறுபடி கீழே அனுப்பவேண்டும். அதற்கு ஷாஃப்ட், அதாவது கீழே இறங்கும் செங்குத்துக் குழி, பக்கத்தில் ஒரு பிளான்ட் நிற்கும், மூன்று நாலு மாடி உயரம், இரவு முழுக்கக் கடகடவென்று. அக்கம்பக்கத்து வீவக புளோக்குகளிலிருந்து சத்தம் பற்றிப் புகார் வரும், நியாயமான புகார்தான், அதனால் பல இடங்களில் பிளான்டையே சுவரும் கூரையும் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த மூடிய பிளான்டுக்குள் முதன்முதலாகப் போனவர் யாராக இருந்தாலும், தாது ஆலை ஒன்றைப் பார்த்திருந்தால், உடனே அடையாளம் கண்டுகொள்வார். அதிரும் சல்லடை, அடுத்து ஹைட்ரோசைக்ளோன், அப்புறம் மிக நுண்ணியதைத் தண்ணீர் பிழிந்து எடுக்க ஃபில்டர் பிரஸ். சைக்ளோன் என்பது தலைகீழ்க் கூம்பு. குழம்பைப் பக்கவாட்டில் வேகமாகச் செலுத்தினால் உள்ளே சுழலும், கனமான மணல் சுவரோரம் ஒதுங்கிக் கீழ் வாய் வழியே விழும், நுண்துகளும் தண்ணீரும் நடுவில் சுழன்று மேலே போகும். நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1891-இலேயே உரிமம் பெற்ற யோசனை, நிலக்கரியும் தாதுவும் கழுவுகிறவர்கள்தான் அதை வளர்த்தெடுத்தார்கள். அதே கூம்பு, அதே கணக்கு. அவர்கள் அடியில் விழுவதையோ மேலே போவதையோ விற்பார்கள், நாங்கள் குழம்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் லாரி வாடகை கொடுத்து வெளியேற்றுவோம்.

நான் வேலை பார்த்த ஒரு பிளான்டை ராத்திரி ஷிஃப்டில் ஓட்டியவர் அரியலூர்ப் பக்கத்து ஆள். ஊரில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அழுத்த அளவு எல்லாம் எனக்குத் திரையில் வரும், அவருக்குச் சல்லடை போதும். ஒருமுறை கூப்பிட்டு, சல்லடையில் குதித்துக்கொண்டு வந்ததிலிருந்து ஒரு சில்லைப் பொறுக்கி என் கையுறையில் வைத்தார். உள்ளங்கை அகலம், நடுவில் கொஞ்சம் தடிமன், ஓரங்கள் பிளேடு மாதிரி, ஒரு பக்கத்தில் மட்டும் அரைத்த வெள்ளைத் தடம்.

"இந்த மாதிரி வந்தா சந்தோஷம் தம்பி. கல்லு உடையுது, அரைபடல."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"வெள்ளக் கோடு தெரியுதா? அங்கதான் டிஸ்க் உருண்டிருக்கு. மத்த பக்கமெல்லாம் தானாப் பொளந்தது."

சரியாகச் சொன்னார். பாறையில் டிஸ்க் கட்டர் அறுப்பதில்லை. பதினேழு அங்குல எஃகுச் சக்கரம், ஒவ்வொன்றும் இருபத்தைந்து டன் வரை அழுத்தி உருளும், அதன் கீழே பாறை நொறுங்கி இரண்டு பக்கமும் விரிசல் ஓடும், பக்கத்துச் சக்கரத்தின் விரிசலோடு அது சேர்ந்தால் நடுவில் இருக்கும் பாறை சில்லாகத் தெறித்துவிடும். ஜேம்ஸ் ராபின்ஸ் 1950-களில் அமெரிக்காவின் ஓஹே அணைக்கட்டில் தன் முதல் மெஷினை மென்மையான ஷேல் பாறையில் ஓட்டினார். அதில் பற்களும் உண்டு, சக்கரமும் உண்டு. 1956-இல் டொராண்டோவில் ஹம்பர் நதிச் சாக்கடைச் சுரங்கத்தில் பற்கள் தேய்ந்துகொண்டே போனதால் அவற்றைக் கழற்றிவிட்டு உருளும் சக்கரம் மட்டும் வைத்துப் பார்த்தார், ஓடியது. இன்றைக்குப் பாறையில் ஓடும் எல்லா மெஷினும் அதன் பேரப்பிள்ளைகள்.

அன்றைக்கே விடியற்காலையில் அவர் மறுபடி கூப்பிட்டார். இப்போது சல்லடையில் வந்தது பாதி மணல்மாவு, நடுவே எலுமிச்சம்பழ அளவில் உருண்டைக் கற்கள். "முகத்துல ரெண்டும் கலந்துடுச்சு," என்றார். கிரானைட் வெப்ப மண்டலத்தில் மேலிருந்து கீழே அழுகிக்கொண்டே போகும். மேலே செம்மண், கீழே முழுப் பாறை, நடுவில் மண்ணுக்குள் அங்கங்கே அழுகாமல் தப்பித்த பெரும் பாறை உருண்டைகள். சுரங்கத்தின் மேல் பாதி மண்ணிலும் கீழ் பாதி பாறையிலும் போகும்போது மெஷினுக்கு அதைவிடக் கஷ்டம் வேறில்லை. மண்ணில் போகும்போது டிஸ்க்கை உருட்ட எதிர்ப்பு இல்லை, களிமண் அப்பிக்கொண்டு அது நின்றுவிடும். நின்ற டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் கீழே பாறையில் மோதி ஒரே பக்கமாகத் தேய்ந்து, வட்டம் சப்பட்டையாகும். ஒன்று போனால் அதன் சுமை பக்கத்து டிஸ்க்குக்கு, அப்புறம் அதற்குப் பக்கத்தில். இன்னொரு ஆபத்து, பாறையை வெட்ட மெதுவாகப் போகவேண்டும், மெதுவாகப் போகிற அந்த நேரமெல்லாம் மேல் பாதியின் மண் சும்மா இருக்காது, வெட்டாமலே உள்ளே வந்து சேரும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப் போட்டுத்தான். எம்ஆர்டி சுரங்கத்தின் உள் விட்டம் 5.8 மீட்டர், மெஷின் நகர நகரப் பின்னால் கட்டிக்கொண்டு வரும் கான்கிரீட் வளையத்தின் தடிமன் 275 மில்லிமீட்டர், மெஷினின் விட்டம் ஆறரை மீட்டருக்குச் சற்று மேல். ஒரு வளையத்தின் அகலம் 1.4 மீட்டர் என்றால் ஒரு ரிங்குக்கு எடுக்கவேண்டிய மண் சுமார் 48 கனமீட்டர். அதற்கு மேல் எவ்வளவு வந்ததோ அவ்வளவு வெற்றிடம் மேலே எங்கோ உருவாகியிருக்கிறது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. மண் வெளியே வந்தால் உப்பும், நுரையும் தண்ணீரும் சேர்ந்திருக்கும், அதனால் இபிபி என்றால் கன்வேயர் பெல்ட்டில் தராசு, ஸ்லரி என்றால் உள்ளே போகிற குழாயிலும் வெளியே வருகிற குழாயிலும் ஓட்ட அளவும் அடர்த்தி அளவும் எடுத்து, இரண்டையும் கழித்து உலர் மண்ணின் எடையைக் கண்டுபிடிக்கவேண்டும். அடர்த்தி அளக்கும் கருவியும் தாது ஆலையிலிருந்து வந்ததுதான், கதிரியக்க மூலம் வைத்துக் குழாய்க்கு வெளியிலிருந்தே அளக்கும். ஒரு ரிங்கில் இரண்டு கனமீட்டர் கூடுதல் என்று காட்டினால் அது கருவிப் பிழையா நிஜமா என்று அதிகாலை மூன்று மணிக்கு முடிவு செய்யவேண்டும். அங்கேதான் என் சம்பளம்.

2004 ஏப்ரல் 20-ஆம் தேதி நிக்கல் ஹைவே பக்கத்தில் சர்க்கிள் பாதைக்காகத் தோண்டிய குழி இடிந்தது. அது மெஷின் ஓடிய இடம்கூட இல்லை, மேலிருந்து திறந்து தோண்டிய முப்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆழம், சுற்றிலும் கடல் களிமண். நாலு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் தன் ஆட்களை மேலே ஏற்றிவிட்டுப் பின்தங்கிய ஃபோர்மேன், அவருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் தொழிலில் யாரும் இந்தக் கதையைத் தெரியாமல் வேலைக்கு வரமுடியாது. சுவர்களைத் தாங்கிய குறுக்கு எஃகுத் தாங்கிகள் சேரும் மூட்டின் டிசைன் பலவீனம். கம்ப்யூட்டர் கணக்கில் களிமண்ணுக்கு இல்லாத பலத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு நெஞ்சில் தைப்பது வேறு. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உள்ளே வருகிறது என்று சுவரின் சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் முன்னாலேயே சொல்லிவிட்டது. அளவு எல்லையைத் தாண்டியபோது வேலை நிற்கவில்லை, மறுகணக்குப் போட்டு எல்லையைத் தள்ளி வைத்தார்கள். இப்போது இங்கே அலர்ட் லெவல், அதற்கு மேலே வேலை நிறுத்த லெவல் என்று இரண்டு கோடு. இரண்டாவதைத் தொட்டால் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் வேலை நிற்கவேண்டும். கோட்டை நகர்த்த யாராவது கேட்டால் அந்த அறையில் ஒரு கணம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

2025 ஜூலை 26-ஆம் தேதி தஞ்சோங் காத்தோங்கில் ரோடு உள்வாங்கி ஒரு கார் உள்ளே விழுந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்தீர்கள். பக்கத்தில் சாக்கடைக் குழாய்களை இணைக்கப் பதினாறு மீட்டர் ஆழத்துக்கு ஷாஃப்ட் தோண்டிக்கொண்டிருந்தார்கள், அதன் கான்கிரீட் வளையத்தில் ஒரு பகுதி தாங்காமல் போயிற்று. மண்ணும் தண்ணீரும் அந்த ஓட்டை வழியே போக ரோடு கீழே வந்தது. கயிறு போட்டு அந்தக் காரில் இருந்த பெண்ணை மேலே இழுத்தவர்கள் அந்த வேலையிடத்துத் தொழிலாளிகள், ஃபோர்மேன் தமிழர். எல்லாரும் அவர்களைப் பாராட்டினார்கள், பாராட்டவேண்டியதுதான். நான் அன்று ராத்திரி முழுக்க யோசித்தது பதினாறு மீட்டர் என்பதைத்தான். இங்கே அறுபது மீட்டர் ஆழத்தில் மின்கேபிள் சுரங்கம் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடுகிறது, ஆழ்சாக்கடைத் திட்டம் முதல் கட்டத்தில் 48 கிலோமீட்டர், இரண்டாம் கட்டத்தின் மெஷின்கள் எல்லாம் 2023-இல் தோண்டி முடித்தன. பதினாறு மீட்டர் எங்களுக்கு மாடிப்படி. ஆனால் மண்ணுக்கு ஆழம் சின்னது பெரியது என்றெல்லாம் தெரியாது.

தண்ணீரைப் பகையாகவே பேசிக்கொண்டு வந்தேன், ஒரு இடத்தில் அது வேலைக்காரன். ஜூரோங் தீவில் கடலடிப் பாறைக்குள், 130 மீட்டர் ஆழத்தில், எண்ணெய் சேமிக்கக் குகைகள் குடைந்து 2014-இல் திறந்தார்கள். ஒன்பது மாடி உயரம், 14 லட்சத்து 70 ஆயிரம் கனமீட்டர் கொள்ளளவு. மெஷின் இல்லை, துளைபோட்டு வெடிவைத்துப் பழைய சுரங்கத்தொழில் முறைதான். அந்தக் குகைகளின் சுவருக்கு எஃகுத் தகடு கிடையாது. எண்ணெய் ஏன் பாறை விரிசல் வழியே கசிந்து போவதில்லை? சுற்றியுள்ள பாறையின் விரிசல்களில் எல்லாம் தண்ணீர் நிறைந்து, உள்ளே இருக்கும் எண்ணெயைவிட அதிக அழுத்தத்தில் நிற்கிறது. அதனால் தண்ணீர்தான் கொஞ்சம் உள்ளே கசியும், எண்ணெய் வெளியே போகாது. அந்த அழுத்தம் குறையாமல் இருக்க மேலே துளைகள் போட்டுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், தண்ணீர்த் திரை என்று பெயர். உள்ளே கசிவதை மட்டும் இறைத்து வெளியேற்றுகிறார்கள். அப்பா ஊரிலிருந்து வந்தபோது இதை விளக்கினேன், பம்பு சமாச்சாரம் என்பதால் இதை மட்டும் உடனே ஒப்புக்கொண்டார்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாச் சுரங்கத்துக்கும் கழிவு உண்டு. கோலார் தங்கவயலில் மூவாயிரம் மீட்டருக்குக் கீழே போய், வட ஆற்காட்டிலிருந்து போன நம் ஆட்கள் ஏற்றிய கல்லில், ஒரு டன்னுக்குச் சில கிராம்தான் தங்கம். மிச்சமெல்லாம் மாவாக அரைத்து சயனைடில் கழுவி மலையாகக் கொட்டினார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடியாயிற்று, காற்றடித்தால் அந்த மேட்டுத் தூசு இன்னமும் ராபர்ட்சன்பேட்டைக்குள் வரும். அந்தக் கணக்கில் சிங்கப்பூர் கெட்டிக்காரத்தனம். தோண்டிய மண் சாங்கியிலும் துவாஸிலும் இருக்கும் சேகரிப்பிடத்துக்குப் போய், அங்கிருந்து கடலை நிரப்பி நிலமாகிறது. நல்ல மண் ஒரு பக்கம், களிமண் ஒரு பக்கம் என்று தரம் பிரித்து லாரி நுழையும். நல்ல மண்ணில் களிமண் கலந்திருந்தால் லாரி திரும்பி வரும், டிரைவர் போனில் எங்களைத் திட்டுவார். ஆக இங்கே குப்பைக்கும் ஒருவிதத்தில் விலை இருக்கிறது, ஓட்டைக்கு இருக்கிற அளவுக்கு இல்லை.

இப்போது கிராஸ் ஐலண்ட் பாதை, புதிய எம்ஆர்டி பாதை. லொயாங்குக்கும் ஏவியேஷன் பார்க்குக்கும் நடுவே 12.6 மீட்டர் விட்டமுள்ள மெஷின், ஒரே சுரங்கத்துக்குள் இரண்டு தண்டவாளம். முகத்தின் பரப்பு வழக்கமான மெஷினைப் போல மூன்றரை மடங்கு. பரப்பு மூன்றரை மடங்கு என்பதைவிட, முகத்தின் உச்சிக்கும் அடிக்கும் அழுத்த வித்தியாசம் இரு மடங்கு என்பதுதான் என்னைப்போன்ற ஆட்களுக்குக் கவலை.

தானாக ஓடும் மெஷினைப் பற்றியும் இப்போது நிறையப் பேச்சு. ஆஸ்திரேலியாவில் பில்பராவின் இரும்புத்தாது லாரிகளை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி பெர்த்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்கிறார்கள், நம் பக்கத்து கோலாலம்பூரிலேயே 2019-இல் எம்ஆர்டி சுரங்கத்தில் மெஷினைத் தானாகவே திசைபிடித்து ஓடவைத்துக் காட்டினார்கள். நல்லதுதான், கோடு நேராக இருக்கும், வளையத்துக்கு வெளியே இடைவெளியை அடைக்கும் கிரௌட்டும் ஒழுங்காகப் போகும். ஆனால் என்னைக் கேட்டால் அவசரம் அங்கே இல்லை. தேய்ந்த டிஸ்க்கை மாற்ற இன்னமும் ஆள்தான் போகவேண்டும். வெட்டும் தலைக்குப் பின்னால் இருக்கும் அறையில் குழம்பை இறக்கிவிட்டு அழுத்தக் காற்றை நிரப்பி, அடைப்பறை வழியாக மூன்று பார் காற்றுக்குள் நுழைந்து, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள டிஸ்க்கைச் சேற்றுக்குள் சங்கிலிபோட்டு இறக்கவேண்டும். கொஞ்ச நேர வேலைக்கு அப்புறம் வெளியே வர நீண்ட நேரம் அறைக்குள் உட்கார்ந்து ரத்தத்தில் கரைந்த வாயுவை மெல்ல இறக்கவேண்டும், அவசரப்பட்டால் மூட்டுக்குள் குமிழ். மிகப் பெரிய மெஷின்களில் வெட்டும் தலையின் கைகளே உள்ளே ஆள் நுழையும் அளவுக்குக் குழாயாக இருப்பதால் சாதாரண காற்றழுத்தத்திலேயே டிஸ்க்கைப் பின்பக்கமாகக் கழற்றலாம். ஆறரை மீட்டர் மெஷினில் அதற்கு இடமே இல்லை. டிஸ்க் மாற்ற ரோபோ செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அதுவும் பெரிய மெஷினில்தான். எம்ஆர்டி அளவு மெஷினுக்குள் நுழைகிற மாதிரி ஒன்றை யாராவது செய்து கொண்டுவந்தால், ஓட்டுகிற வேலையை இன்னும் இருபது வருஷம் ஆளே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.